பெட்ஃபோர்டு பார்க்: குடியிருப்போர் காத்த புறநகர்

லண்டனின் மேற்கே டர்ன்ஹாம் கிரீன் ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள பெட்ஃபோர்டு பார்க், மரங்களுக்கும் தோட்டங்களுக்கும் இடையே வீடுகளைத் திட்டமிட்டு எழுப்பும் ‘தோட்டப் புறநகர்’ என்ற கருத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1869இல் ரயில் நிலையம் திறக்கப்பட்டதால் லண்டனின் வணிகப் பகுதிக்கு நாள்தோறும் சென்று திரும்புவது எளிதாகியிருந்த நிலையில், ஜோனதன் கார் என்பவர் 1875இல் இங்கு நிலம் வாங்கி, நடுத்தர வருவாயினருக்கான வீடுகளைக் கட்டத் தொடங்கினார். காட்வின், நார்மன் ஷா முதலிய கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுத்த அவ்வீடுகள், செங்கல் சுவரும், ஓடு பதித்த முக்கோண முகப்பும், வெள்ளை வண்ணம் பூசிய மரச் சாளரங்களும் கொண்டவை. அங்கிருந்த பழைய மரங்களை இயன்றவரை வெட்டாமல் தெருக்கள் வகுக்கப்பட்டன. கவிஞர் யேட்ஸின் குடும்பமும் இங்கு வாழ்ந்தது.

ஜோனதன் காரின் நிறுவனம் 1886இல் நொடித்துப்போனது. இருபதாம் நூற்றாண்டில் விக்டோரியா காலக் கட்டடங்கள் மதிப்பிழந்தபோது, இங்கிருந்த பெரிய வீடுகள் பல சிறு குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்டன, சில இடிக்கப்பட்டன. இந்நிலையில் குடியிருப்போரே ஒன்றுகூடி 1963இல் பெட்ஃபோர்டு பார்க் சங்கத்தைத் தொடங்க, பழைய கட்டடங்களுக்காக ஓயாது குரல் கொடுத்துவந்த கவிஞர் ஜான் பெட்ஜெமன் அதன் புரவலரானார். நான்கே ஆண்டுகளில், 1967இல், 356 வீடுகள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இடம்பெற்ற கட்டடத்தை முன் அனுமதியின்றி இடிப்பதும், அதன் தன்மை கெடும்படி மாற்றுவதும் சட்டப்படி குற்றமாகும். அரண்மனைகளையும் தேவாலயங்களையும் காப்பதற்கு அறிஞர் பலர் முன்வருவர். நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட வீடுகளை, அதுவும் தெருத் தெருவாக, காக்கத் தக்கவை என்று அரசை ஏற்கச் செய்தது அதனினும் அரிய செயலாகும்.

அதே 1967இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, தனிக் கட்டடத்தை மட்டுமன்றி ஒரு பகுதி முழுவதையும் ‘பாதுகாப்புப் பகுதி’யாக அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்தது. இத்தகைய பகுதியில் மரத்தை வெட்ட விரும்புவோர் ஆறு வாரங்களுக்கு முன்பே மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புப் பகுதியான பெட்ஃபோர்டு பார்க்கின் ஒரு பகுதி ஈலிங் மன்றத்தின் கீழும் மற்றொரு பகுதி ஹவுன்ஸ்லோ மன்றத்தின் கீழும் வருவதால், இரண்டிடமும் சென்று இப்புறநகரை ஒரே ஊராகக் கருதுமாறு வலியுறுத்துவதற்குச் சங்கம் இன்றியமையாததாகிறது.

இச்சங்கத்தின் அன்றாடப் பணி பெரும்பாலும் சிறியவற்றைப் பற்றியது. மேலும் கீழும் நகரும் மரச் சாளரத்தைக் கழற்றிவிட்டு, தடித்த சட்டம் கொண்ட பிளாஸ்டிக் சாளரத்தைப் பொருத்தினால் அந்த ஒரு வீட்டுக்கு நேரும் மாற்றம் அற்பமாகத் தோன்றும். ஆனால் வீடுதோறும் அவ்வாறு நிகழுமாயின், ஒரு சுவரும் இடியாமலே தெரு தன் முகத்தை இழந்துவிடும். மரவேலியை அகற்றிக் கார் நிறுத்த இடம் செய்தாலும் இதே கதைதான். ஆகவே கட்டட அனுமதி கோரும் விண்ணப்பங்களைச் சங்கத்தினர் படித்து, மன்றங்களுக்குத் தம் கருத்தை எழுதுகின்றனர். பழுதுபார்க்கும் முறைகள் பற்றி வீட்டுக்காரர்களுக்கு ஆலோசனையும் கூறுகின்றனர்.

இத்தனை கவனத்துக்கும் சட்டத்துக்கும் எட்டாத ஒன்றும் உண்டு: நடுத்தர வருவாயினருக்காகத் தொடங்கப்பட்ட இவ்வீடுகளை இன்று பெருஞ்செல்வரால் மட்டுமே வாங்க முடிகிறது; பட்டியல் கட்டடத்தைக் காக்குமேயன்றி, அதன் விலையைக் கட்டுப்படுத்தாது.