இந்த ஆண்டு அப்பாவோடு பார்த்த படங்கள்

ஒவ்வொரு டிசம்பரிலும், அந்த வருடம் பார்த்த பழைய படங்களையும் வெளிநாட்டுப் படங்களையும் ஒரு எக்செல் கோப்பில் வரிசைப்படுத்தி, பிடித்தவற்றைப் பற்றி இங்கே எழுதுவது வழக்கம். இந்த ஆண்டு பட்டியல் சின்னது. காரணம், தனியாகப் பார்க்கவில்லை. அம்மா போனபிறகு ராயபுரம் வீட்டில் தனியாக இருந்த அப்பா, மார்ச் மாதம் திருவொற்றியூருக்கு எங்களோடு வந்துவிட்டார்.

அப்பா இளவயதில் கப்பல் சரக்கு வேலை பார்த்தவர். விஞ்ச் சத்தத்திலேயே வாழ்ந்ததில் காது போய்விட்டது. மெஷினை மாட்டினால் இரைச்சல் என்று கழற்றி வைத்துவிடுவார். தமிழ்ப் படம் போட்டால் வசனம் விழாது. சத்தத்தைக் கூட்டினால் வீட்டில் மற்றவர்களால் இருக்கமுடியாது. அப்போதுதான் தோன்றியது: இத்தாலியப் படம் போட்டால் எனக்கும் ஒன்றும் புரியாது, அவருக்கும் புரியாது. இரண்டு பேரும் படித்துத்தான் ஆகவேண்டும். அந்த இடத்தில் நாங்கள் சமம்.

ஆனால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே சப்டைட்டிலை நானே தமிழில் செய்ய ஆரம்பித்தேன். எஸ்ஆர்டி கோப்பு என்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒரு வரிசை எண், வசனம் தோன்றி மறையும் நேரம், கீழே வசனம். நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. தமிழில் வரி நீண்டுவிடுகிறது. அப்பா பாதி படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. அடுத்த வசனம் வரும்வரை முந்தையது திரையிலேயே நிற்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். மீதியை வசனத்தைச் சுருக்கித்தான் சமாளித்தேன். ஒரு படத்துக்கு இரண்டு வாரம் ஆனது.

அப்படிப் பார்த்ததில் நான்கு படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான்கிலும் ஏதோ ஒரு வகையில் துறைமுகமோ கடலோ வருகிறது. திட்டமிட்டதல்ல.

1. லா தெர்ரா திரேமா (1948)

'பூமி அதிர்கிறது' என்று பொருள். லூக்கினோ விஸ்கோந்தி இயக்கியது. சிசிலித் தீவில் ஆச்சி திரேஸ்ஸா என்ற மீனவக் கிராமம். நடித்தவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்களே. மீனை அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வியாபாரிகளை எதிர்த்து, அந்தோணி என்ற இளைஞன் வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்கிறான். ஒரு புயலில் படகு போகிறது, பிறகு வீடும் போகிறது. கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போகிறான்.

இது எங்கள் பக்கத்துக்குப் புதிய கதை அல்ல. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன் அவரிடம்தான் மீனைப் போடவேண்டும் என்பது நம் கரையிலும் நடப்பதுதான்.

நான் முதலில் எழுதிய சப்டைட்டில் நல்ல எழுத்துத் தமிழில் இருந்தது. அப்பா பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இன்னாடா, ரேடியோவுல நியூஸ் படிக்கிறா மாதிரி பேசறானுங்க? மீன் புடிக்கிறவன் இப்டியா பேசுவான்?" என்றார். பிறகுதான் உறைத்தது. படத்தின் தொடக்க அட்டையே, சிசிலியில் ஏழைகளின் மொழி இத்தாலியன் அல்ல என்றுதான் அறிவிக்கிறது. அவர்கள் பேசும் வட்டார மொழி மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது என்பதால் இத்தாலியனில் ஒரு பின்னணிக் குரல் சேர்த்தார்கள். விஸ்கோந்தி அவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றியதை நான் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அழித்திருந்தேன். மொத்தத்தையும் ராயபுரத் தமிழில் திருப்பி எழுதினேன். "எங்க போய்க்கினு கீறே" என்று வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

2. ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட் (1954)

எலியா கஸான் இயக்கி, மார்லன் பிராண்டோ நடித்து, எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஹோபோக்கன் துறைமுகத்திலேயே எடுத்தார்கள். காலையில் தொழிலாளர்கள் கூடிநிற்க, வேலைக்கான டோக்கன்களை மேஸ்திரி தரையில் எறிகிறான். அதைப் பொறுக்க ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள்.

"உங்க தாத்தா காலத்துல இப்டித்தான். மேஸ்திரி கைய காட்டுனாதான் சோறு" என்றார் அப்பா. இந்தியாவில் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1948-ல். அதன்கீழ் வந்த திட்டங்கள்தான் பெயர்ப்பதிவு, முறைவைத்து வேலை, குறைந்தபட்ச உறுதி ஊதியம் ஆகியவற்றைக் கொண்டுவந்தன.

ஆனால் படத்தோடு அவர் சண்டையும் போட்டார். "சங்கத்தையே திருடனா காட்றான். சங்கம் இல்லன்னா நீ பிஈ படிச்சிருப்பியா?" நான் விளக்கினேன். அங்கே சில சங்கங்கள் குண்டர்கள் கையில் இருந்தது உண்மை. மால்கம் ஜான்சன் என்ற பத்திரிகையாளர் 1948-ல் எழுதிய தொடரிலிருந்து கிளைத்த படம் இது. அதேசமயம் கஸான் 1952-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் தன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். சாட்சி சொல்பவனை நாயகனாக்கியதில் அவருடைய சொந்தக் கணக்கும் இருக்கிறது. அப்பா, "அதான பார்த்தேன்" என்றார்.

படத்தில் ஒருவர் கப்பலின் அடித்தளத்தில் நிற்கும்போது மேலிருந்து பெட்டிகளைக் கொட்டிக் கொன்றுவிடுகிறார்கள். அந்த இடத்தில் ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். சிலிங் அறுந்து தன் கண்முன்னால் ஒருவர் இறந்ததை முதல்முறையாகச் சொன்னார். எந்த ஊர், எந்தக் கப்பல் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மதியமே மீதிச் சரக்கை இறக்கினார்களாம். நாற்பத்தைந்து வருடமாக அம்மாவுக்குக்கூடச் சொல்லாத விஷயம்.

இன்னொரு காட்சி. தன்னால் ஒரு கொலை நடந்ததை நாயகன் அந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ளும்போது, கப்பல் சங்கொலி வசனத்தை முழுக்க மூடிவிடும். கோப்பில் அங்கே எதுவும் இல்லை. "இங்க எழுத்து வராதுப்பா" என்று சைகை காட்டினேன். "வேணாம், தெரியுது" என்றார். காது கேட்கிறவர்களும் முகத்தை மட்டுமே பார்க்கவேண்டிய ஒரு காட்சி.

இந்தப் படம் வந்து இரண்டே வருடத்தில், 1956 ஏப்ரலில், பக்கத்திலிருந்த நெவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை தூக்கும் வேலை உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியது அங்கேதான். சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். பெட்டி வந்தபிறகு அடிபட்டுச் சாவது குறைந்தது, ஆளும் குறைந்தது. அப்பாவுக்கு இரண்டும் ஒரே மூச்சில் ஞாபகம் வருகிறது.

3. அந்த நாள் (1954)

எஸ். பாலச்சந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து, ஏவிஎம் தயாரிப்பு. பாட்டே கிடையாது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னைமீது குண்டு போட்ட நேரத்தில் நடக்கும் கதை. ரேடியோ எஞ்சினியராக வரும் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார்.

இதை 'ராஷோமான்' (1950) சாயல் என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. குரோசவா படத்தில் கொள்ளையன், மனைவி, இறந்தவர் மூவர் சொல்லும் கதையிலும் சாவு அவரவர் கையால்தான் நேர்கிறது. நம் படத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். சாயல் இருந்தாலும் நகல் இல்லை. தமிழ்ப் படத்துக்கே தமிழ் சப்டைட்டில் போட்டேன். படம் வந்தபோது அப்பா பார்க்கவில்லை. முதல்முறையாக வசனத்தோடு ஒரு சிவாஜி படம் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார்.

4. டோக்கியோ ஸ்டோரி (1953)

ஓசுவின் படம். ஒனோமிச்சி என்ற துறைமுக ஊரிலிருந்து வயதான தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் அம்மா இறந்துவிடுகிறார். கிழவராக நடித்த சிஷூ ரியுவுக்கு அப்போது 49 வயதுதான். ஏறக்குறைய என் வயது. தரையில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்தில் கேமரா இருக்கும். அப்பாவும் தரையில்தான் உட்கார்ந்து பார்த்தார்.

நான் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஒரு ரிலீஸ் வேலையில் மாட்டிக்கொண்டு, ஒருநாள் தாமதமாகத்தான் வந்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பசங்க கெட்டவங்க இல்லடா. வேலை, அவ்ளோதான்."

கடைசிக் காட்சியில் கிழவர் தனியாக உட்கார்ந்திருக்க, தூரத்தில் படகு எஞ்சின் சத்தம் கேட்கும். ஆங்கிலக் கோப்பில் அது இல்லை. நான் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: "படகு போகும் சத்தம்." அது திரையில் வந்ததும் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்தும் காலையில் அந்தச் சத்தம் கேட்கும். அவருக்குக் கேட்காது என்பதால் நான் சொன்னதே இல்லை. இப்போது சொன்னேன்.

அடுத்த வருடத்துக்கு அப்பா ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்: எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டுமாம், சிரிப்புப் படமாக ஒன்றிரண்டு வேண்டுமாம்.