நகராண்மைக் கழகத்தில் எவை முடிவாகின்றன?



தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் நாம் யாரிடம் போவோம்? கிராணியிடம் போவோம். கான் அடைத்துக்கொண்டாலும் அவரிடம்தான். அவர் நிர்வாகியிடம் சொல்வார். நடந்தால் நடக்கும், இல்லையென்றால் மறுபடியும் போய் நிற்போம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களுக்கு அந்தக் கிராணி இல்லை. "வாத்தியாரய்யா, வீட்டு முன்னால கான் அடைச்சு நாறுது. இங்க யாரப் போய்ப் பாக்குறது?" என்று நம் மாணவன் ஒருவனின் தாயார் ஒருநாள் கேட்டார். நகராண்மைக் கழகத்தைப் பார்க்க வேண்டும் என்றோம். "அது எலெக்சன்ல வர்றவங்கதானே?" என்றார்.

அல்ல. ஒரு காலத்தில் இருந்தது. 1951-இல் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957-இல் அது மாநகரானது. அதன் மேயராக அமர்ந்தவர்களில் டி. எஸ். இராமநாதனும் ஒருவர். 1965-இல் இத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியும், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஏற்கவில்லை. இன்று தலைவரையும், 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. உறுப்பினரின் பதவிக்காலம் அதிகம் போனால் மூன்று ஆண்டு. வாக்குச் சீட்டு நம் கையில் இல்லாததால், மனுவைச் சரியாக எழுதுவது இன்னும் அவசியமாகிறது.

அங்கே பேசப்படுபவை பெரிய விஷயங்களல்ல. சாலையோரம் தோசைக் கடை போட லைசென்ஸ், அடுப்படியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டப் பிளான், விளையாட்டுத் திடல், சந்தை, இடுகாடு, கான், வீட்டு வரி. தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் வேறு இடம். நிலப் பட்டாவுக்கு நில அலுவலகம். சில மாநிலங்களில் 2011 முதல் குப்பை அகற்றுவதையும் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இது தெரியாமல் முகப்புக்கு முகப்பாக அலைந்தவர்கள் நம்மில் பலர்.

மனு முகப்பிலிருந்து இலாகாவுக்குப் போகிறது. அதிகாரி இடத்தைப் பார்க்க வருகிறார். பெரிய காரியமானால் உறுப்பினர்களின் குழு கூடி ஆராய்கிறது. பிறகு அது மாதக் கூட்டத்துக்குப் போகிறது. அக்கூட்டம், மூடி வைப்பதென்று அவர்களே தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்தது என்று சட்டம் சொல்கிறது. பின்வரிசையில் போய் உட்காரலாம். அடுக்கடுக்காய்த் தாள் புரளும். ஒரு காகிதம் குறைந்த மனு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

வீட்டு வரியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது வீட்டின் ஓராண்டு வாடகை மதிப்பின் மேல் போடப்படுகிறது. மாத வாடகை 500 ரிங்கிட் பெறும் வீடு என்றால் ஆண்டு மதிப்பு 6,000. விகிதம் நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டால் வரி 480. அதைப் பிப்ரவரி முடிவுக்குள் பாதி, ஆகஸ்டு முடிவுக்குள் பாதி என்று கட்டுகிறோம். மதிப்பு கூடினால் வரியும் கூடும். புதிய மதிப்பு அதிகமென்று தோன்றினால், மறு ஆய்வுக்குக் குறித்த தேதிக்கு 14 நாளாவது முன்னதாக எழுத்தில் ஆட்சேபிக்கலாம். நமக்கும் அப்படியொரு கடிதம் வந்தது. சாவகாசமாகப் படிக்கலாம் என்று சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தோம். எடுத்தபோது தேதி கடந்திருந்தது. பாடம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாரே ஏமாந்தார் என்று வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

அந்தத் தாயாரின் கதைக்கு வருவோம். மகன் மலாயில் மனு எழுதினான். வீட்டு எண், தெருப் பெயர், எந்த நாளிலிருந்து அடைப்பு, எல்லாம் இருந்தது. இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதிகாரி வந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறுத்தக் கானின் மேல் அனுமதியில்லாமல் சிமெண்டுப் பலகை போட்டிருந்தார். அதன் அடியில்தான் அடைப்பு. உடைக்கச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் போனது. அவரும் அதே தோட்டத்திலிருந்து வந்தவர். கான் இப்போது ஓடுகிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று மூன்று மாதமாகிறது.