பாவைப் பாட்டும் பாடுவார் பாலும்

மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் ஸந்நிதி தொடங்கி, ராஜபாளையம், மலையடிவாரத்துப் பிளவக்கல் வரையுள்ள ஊர்களில் திருப்பாவை முப்பதும் ஓதப்படுகின்றன. ஓதுவாருள் ஆடவரும் உளர், பெண்டிரும் உளர். பாசுரத்தின் குரலோ ஆயர்பாடிச் சிறுமியருடையது. நரை முதிர்ந்த அத்யாபகரும் அக்குரலிலேயே தோழியை எழுப்புகிறார். வழிபாட்டு மொழிக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வார்க்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவ்வாராய்ச்சி பிற சமயங்களிலும் நிகழ்கிறது. யூதர்களின் மரபுவழிக் காலை வழிபாட்டில், தன்னைப் பெண்ணாகப் படையாமைக்கு ஆடவன் இறைவனைப் போற்றும் வாசகம் ஒன்று உண்டு. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்னும் மூதாதையரை மட்டும் குறித்துவந்த அவர்களது முதன்மை வேண்டுதலில், சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் என்னும் மூதாட்டியரையும் சீர்திருத்தப் பிரிவினர் சேர்த்துள்ளனர். அங்கு எழுந்த வினாக்கள் இரண்டு: இறைவனை எப்பாலாற் சொல்வது? வேண்டுவோர் யார் குரலில் வேண்டுவது? அவ்விரண்டுக்கும் அருளிச்செயலிலும் அதன் வ்யாக்யானங்களிலும் விடை உண்டு.

முதல் வினா இறைவனைப் பற்றியது. எபிரேயத்தில் முன்னிலைச் சொல்லும் ஆண், பெண் எனப் பால் பிரியும். தமிழில் ‘நீ’ என்பதற்குப் பால் இல்லை. படர்க்கையிலேயே பால் தோன்றுகிறது. திருவாய்மொழி முதற்பதிகத்தின் நான்காம் பாசுரத்தில் நம்மாழ்வார் ஆண்பால், பெண்பால், பலர்பால், அஃறிணைச் சுட்டுப்பெயர்களை வரிசையாக எடுத்து, அவையனைத்தும் எம்பெருமானையே தமக்கு ஆத்மாவாக உடையன என்று காட்டுகிறார். சரீரத்தைக் குறிக்கும் சொல் சரீரியளவும் செல்லும் என்னும் ஸித்தாந்தத்தின்படி, ‘அவள்’ என்னும் சொல்லும் அவனிடத்தே முடிகிறது. இரண்டாம் பத்தின் ஐந்தாம் பதிகத்திலோ, உலகிற் காணும் ஆண், பெண், அலி என்னும் வகைகளுள் எதிலும் அவன் அடங்கான் என்கிறார். அங்ஙனம் விலக்கும் சொல்லும் ஆண்பால் ஈற்றோடு நிற்பது நோக்கத்தக்கது. அவ்வீறு அவனது தலைமையைக் குறிப்பதன்றி, உலகியல் ஆண்மையைக் குறிப்பதன்று. த்வயத்தின் இரு வாக்கியங்களும் பிராட்டியை முன்னிட்டே அவனைப் பேசுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாம் வினா வேண்டுவோரைப் பற்றியது. திருவாய்மொழியில் 27 பதிகங்கள் மகள், தாய், தோழி ஆகியோரின் பேச்சாக அமைந்தவை. ஞானம் மேலிட்டபோது ஆழ்வார் தாமான தன்மையிற் பேசுகிறார் என்றும், ப்ரேமம் மேலிட்டபோது பேச்சு பெண்ணினுடையதாகிறது என்றும் ஆசார்ய ஹ்ருதயம் இதனை விளக்குகிறது. ஆழ்வார்க்கு வந்தேறியான இந்நிலை ஆண்டாளுக்கு இயல்பு. திருப்பாவை அவதாரிகையில் பெரியவாச்சான் பிள்ளை இதனைப் பள்ளமடை என்கிறார். மேட்டில் ஏற்ற வேண்டாது தானே பாயும் நீர் போன்ற காதல் அவளுடையது. எம்பெருமான் ஒருவனே புருஷோத்தமன். எல்லா ஆத்மாக்களும் அவனுக்குப் பரதந்த்ரம். ஆதலால் பெண்குரல் ஒரு வேடமன்று. ஆத்மஸ்வரூபத்தின் உண்மைக் குரல்.

திருப்பாவை ஜீயரான எம்பெருமானார் இதனை வாழ்ந்து காட்டினார். பதினெட்டாம் பாசுரத்தை அநுஸந்தித்தபடி மாதுகரத்துக்கு எழுந்தருளியவர், ஆசார்யரின் திருமகளார் வளையொலியோடு கதவைத் திறக்கக் கண்டு, நப்பின்னைப் பிராட்டியே தோன்றியதாக எண்ணி விழுந்து ஸேவித்தார் என்பது ஐதிஹ்யம். உடையவரே ஆயர்பாடிச் சிறுமியாய் நின்ற கணம் அது.

எனினும் ஒன்று எஞ்சுகிறது. பெண்குரலைத் தமதாக்கி ஓதும் கோஷ்டியில், பெண்பிறப்புடையோர் பெரும்பாலும் ஓதுவாராக இருப்பதில்லை. கோஷ்டிக்குப் பின்னே நின்று கேட்கிறார்கள், இல்லங்களில் ஓதுகிறார்கள். யூதர்கள் வாசகத்தை மாற்ற வேண்டியிருந்தது. இங்கு வாசகத்தில் ஓர் எழுத்தும் மாற வேண்டுவதில்லை. முதற்பாசுரத்தில் நீராட அழைக்கப்படுவோர்க்கு விருப்பம் ஒன்றே அதிகாரம் என்று பூர்வாசார்யர்கள் அருளிச்செய்தனர். குலமோ பிறப்போ பாலோ அங்குக் கேட்கப்படவில்லை. கைங்கர்ய முறைகள் அந்தந்தத் திவ்யதேச வழக்கைப் பற்றியவை. அவற்றைக் காப்பது பெரியோர் கடன். ஆயினும் அவ்வழக்கை எண்ணும்போது இவ்வுரையையும் உடன் எண்ணுதல் தகும். துளசிவனத்தில் தோன்றிய ஒரு பெண்பிள்ளையின் சொல்லை உலகம் முழுதும் தன் சொல்லாக ஓதுகிறது. அவள் அழைத்தது சிறுமியரை. அவ்வழைப்பைக் கேட்டு முதலில் எழுந்திருக்க வேண்டியவர்களும் அவர்களே.