பின்னாடி ஒருத்தன் வர்றான்... பார்த்து ஓட்டுங்க பாஸ்!

ட்ரெய்லர்னா சினிமா ட்ரெய்லர் மட்டும்தான்னு நினைக்கிற ஆளா நீங்க? எம்.எஸ். படிக்க கனடா, அமெரிக்கான்னு கிளம்பற ஐடியா இருந்தா, இதைப் படிச்சுட்டு பெட்டியைக் கட்டுங்க. அங்கே ரூம் மாத்தணும்னா தெருமுனையில் 'குட்டியானை' நிக்காது. யு-ஹால் மாதிரி கம்பெனியில் ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து, கார் வாலில் மாட்டி, நாமளேதான் இழுத்துட்டுப் போகணும். செமஸ்டர் முடியறதோ டிசம்பர்ல. ரோடு பூரா பனி!

முதல்ல லோடு. கட்டில், மெத்தை, புக்ஸ்னு கண்டமேனிக்கு ஏத்தக் கூடாது. எடையில் 60 சதவிகிதம் ட்ரெய்லரின் முன்பாதியில் இருக்கணும். கொக்கி மேல இறங்கற எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவிகிதம். அதாவது லோடோட சேர்த்து 500 கிலோன்னா, 50 முதல் 75 கிலோ. பின்பக்கம் கனமாச்சுன்னா, பக்கத்தில் ஒரு லாரி கடந்த காற்றுக்கே ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சுடும். வேகம் ஒரு அளவைத் தாண்டினா, ஒவ்வொரு ஆட்டமும் முந்தின ஆட்டத்தைவிடப் பெருசாகும். 'நெகட்டிவ் டாம்பிங்'னு மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கினோமே, அதே ஐயா இங்கே லைவ் ஷோ காட்டுவார். யு-ஹால்காரங்க மணிக்கு 55 மைலுக்கு மேல போகாதேன்னு சொல்றது இதனாலதான்.

ஆட ஆரம்பிச்சா? பிரேக்கை மிதிக்கவே மிதிக்காதீங்க. ஸ்டீயரிங்கை நேரா, கெட்டியாப் பிடிச்சுட்டு, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. அதுவா அடங்கும்.

பனியில் கதை இன்னும் மோசம். நீங்க பிரேக் போட்டா கார் நிக்கப் பார்க்கும். பிரேக் இல்லாத ட்ரெய்லர் நிக்காது, காரைப் பின்னாலிருந்து தள்ளும். டயருக்குப் பிடிமானம் இல்லைன்னா காரும் ட்ரெய்லரும் மடக்குக்கத்தி மாதிரி மடங்கிடும். அதனால முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் 8, 10 செகண்டாவது இடைவெளி விடுங்க. க்ரூஸ் கன்ட்ரோலுக்கு அன்னிக்கு லீவு.

இன்னொரு ஆச்சரியம்... மைனஸ் 20 டிகிரி ஐஸைவிட, பூஜ்யத்தை ஒட்டின ஐஸ்தான் அதிகமா வழுக்கும். மேலே ஈரம் படிஞ்சிருக்குமே! பாலங்கள் இன்னும் உஷார். மேலேயும் கீழேயும் குளிர்காத்து போறதால மத்த ரோட்டுக்கு முன்னாடியே அது உறைஞ்சிடும். பார்த்தா வெறும் ஈரத் தார் ரோடு மாதிரிதான் தெரியும்.

டயரில் கஞ்சத்தனம் வேணாம். 7 டிகிரிக்குக் கீழே சாதா டயர் ரப்பர் இறுகிப் போகும். கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம்னு சட்டமே இருக்கு. 'என்கிட்ட ஃபோர் வீல் டிரைவ் இருக்கு'ன்னு காலரைத் தூக்கற சீனியர்களை நம்பாதீங்க. அது கிளம்ப உதவும், நிக்க உதவாது!

ரிவர்ஸ்? நம்ம ஊர் டிராக்டர்காரர்கள் டிரெய்லரோட சந்துக்குள்ள பின்னாடி போற அழகைப் பார்த்திருப்பீங்க. சூத்திரம் சிம்பிள். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைங்க. கை எந்தப் பக்கம் போகுதோ, ட்ரெய்லரும் அந்தப் பக்கம் போகும். சேஃப்டி செயின்களை கொக்கிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமா மாட்டுங்க. கொக்கி கழண்டாலும் ட்ரெய்லர் மூக்கு ரோட்டில் குத்தாம, செயின் தொட்டில் மாதிரி தாங்கும்.

உறைமழைன்னு அறிவிப்பு வந்தா பயணத்தைத் தள்ளிப் போடுங்க. ஒருநாள் வாடகை போனா போகட்டும். அதையும் மீறி பனியில் மாட்டிக்கிட்டா, ஹீட்டர் போடறதுக்கு முன்னாடி இறங்கி சைலன்சர் வாயில் அடைச்ச பனியைத் தள்ளுங்க. இல்லைன்னா கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதுக்கு வாசனையே கிடையாது.