காட்டு விலங்கைக் காக்கும் செலவு யாருடையது?

ஏரி மீனையும் சாலையோரப் புளியமரத்தையும் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் ஊர்க் காரியம் பார்ப்பது நமக்குப் பழக்கமானது. காட்டு விலங்கை வேட்டையாடும் உரிமத்தை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் அதே விலங்கினத்தைக் காக்கும் நாடுகளும் உண்டு. மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்து நஷ்டப்பட்ட விவசாயி அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது.

நீலகிரியில் நடந்தது

நம் மாநிலத்திலும் இதுபோன்ற முறை இருந்தது. நீலகிரியில் கண்டபடி சுட்டதால் வரையாடு அருகிப்போனது. 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. உரிமக் கட்டணத்தைக் கொண்டு காவலர்களை அமர்த்தினர். இங்கே ஏலம் இல்லை, கட்டணம்தான். அடிவார ஊர்களுக்குப் பங்கு என்ற ஏற்பாடும் இல்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வரையாட்டைப் பொழுதுபோக்காக வேட்டையாட இடமில்லாமல் போயிற்று. இன்று வரையாட்டைக் காக்கும் செலவு அரசுடையது. இதற்கென 2022இல் தமிழக அரசு 25.14 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஆணையிட்டது.

ஊருக்கு 80 பங்கு

பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் திருகுக் கொம்புடைய மார்க்கோர் என்ற காட்டாடு உண்டு. ஆண்டுக்கு 6 ஆடுகளை மட்டும் வேட்டையாட 1997இல் சர்வதேச வனவிலங்கு வர்த்தக உடன்படிக்கை நாடுகள் இசைந்தன. 2002இல் இது 12 ஆக உயர்ந்தது. வயது முதிர்ந்த கிடாக்களையே சுட வேண்டும். உரிமங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் சில உரிமங்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் போயின.

இந்தப் பணத்தில் 100க்கு 80 பங்கு மலையூர் மக்களுக்கும், 20 பங்கு அரசுக்கும் சேர்கிறது. ஊர்ப் பங்கில் பள்ளி, குடிநீர், காவல் ஆகிய செலவுகள் நடக்கின்றன. ஆட்டைக் கறிக்காகச் சுட்டுவந்த ஊரார், கள்ள வேட்டையைத் தடுக்கும் காவலராயினர். 2015இல் இந்த ஆடு, அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து இரண்டு படி மேலே ஏறியது.

துப்பாக்கி மட்டும் இதைச் செய்யவில்லை. விலங்கால் இடைஞ்சல் படும் ஊருக்கே பணம் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். பணம் நடுவில் நின்றுவிட்டால் காவல் குலையும். எண்ணிக்கை தவறினால் இனமே குறையும்.

நமக்கு என்ன பயன்?

நம் நாட்டில் உரிம ஏலத்துக்குச் சட்டம் இடம் தராது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட காட்டுப்பன்றி விதிகளின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால், வனத்துறையினர் மட்டும் சுடலாம். அடி அண்ணாமலை மலையடிவாரத்திலேயே இருப்பதால், இங்குள்ள பல கொல்லைகள் முதல் எல்லைக்குள் வரும். ஆகவே நஷ்ட ஈடு இவர்களுக்குப் பிச்சை அல்ல. காட்டைக் காக்கும் செலவில் இவர்கள் சுமக்கும் பங்குக்கு ஈடு.

விவசாய அன்பர்கள் கவனிக்க:

1. சேதம் கண்ட அன்றே, கொல்லையைச் சீர் செய்யுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ரசீது பெறுங்கள். சிட்டா, அடங்கல் நகல்களைத் தயாராக வைத்திருங்கள்.

3. 2026 காரிப் பருவம் முதல் பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலி வழியே படத்துடன் தெரிவிக்க வேண்டும். எந்த விலங்குகள், எந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசு அறிவிக்கும். பிரீமியம் கட்டுமுன் வேளாண்மை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

4. மணிலாவைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கி விதையுங்கள். பன்றி ஆமணக்கைத் தின்னாது. மணிலாவின் வாசனையும் மட்டுப்படும்.

5. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் அவுட்டுக்காய் வைப்பதும் சிறைக்குரிய குற்றம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அண்டைக் கொல்லைக்காரரின் உயிரையும் அவை வாங்கும்.

தனி மனுவைவிட ஊர் மனுவுக்கு வலு அதிகம். பாதிக்கப்பட்டவர்கள் ஒன்று சேர்ந்து, சேதக் கணக்கைத் தேதிவாரியாக ஒரே நோட்டில் எழுதி, கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள்.