டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர் (புதினம்)

டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர் (இதற்கு முன் நான் காதலித்த பையன்கள் அனைவருக்கும்) என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜென்னி ஹான் ஆங்கிலத்தில் எழுதிய இளையோர் காதல் புதினம் ஆகும். சைமன் அண்ட் சூஸ்டர் நிறுவனம் இதனை 2014 ஏப்ரலில் வெளியிட்டது. காதலர்களைப் போல நடிக்க உடன்பாடு செய்துகொள்ளும் இரு பள்ளி மாணவர்களின் கதை இது. இதன் தொடர்ச்சியாக பி.எஸ். ஐ ஸ்டில் லவ் யூ (2015), ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர், லாரா ஜீன் (2017) ஆகிய புதினங்கள் வெளிவந்தன.

ஆசிரியர்

ஜென்னி ஹான் 1980 இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் கொரியக் குடும்பமொன்றில் பிறந்தவர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றார். இளவயதில் தாம் எழுதி, எவருக்கும் அனுப்பாமல் வைத்திருந்த காதல் கடிதங்களே இப்புதினத்துக்கு வித்திட்டன என்று அவர் கூறியுள்ளார்.

கதைச் சுருக்கம்

லாரா ஜீன் கவி பதினாறு வயது மாணவி. தாய் கொரிய அமெரிக்கர். மகள்கள் சிறுமிகளாக இருந்தபோதே இறந்துவிட்டார். மருத்துவரான தந்தை, அக்கா மார்கோ, தங்கை கிட்டி ஆகியோருடன் லாரா ஜீன் வர்ஜீனியாவில் வாழ்கிறாள். ஒருவன் மீது கொண்ட காதலை மறக்க விரும்பும்போதெல்லாம் அவனுக்கு ஒரு கடிதம் எழுதி, தாய் தந்த தொப்பிப் பெட்டியில் பூட்டி வைப்பது அவள் வழக்கம். அவ்வாறு சேர்ந்த ஐந்து கடிதங்களும் ஒருநாள் உரியவர்களின் கைகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

அவர்களுள் ஒருவன் அடுத்த வீட்டு ஜோஷ். மேற்படிப்புக்காக ஸ்காட்லாந்து சென்ற மார்கோவின் முன்னாள் காதலன் அவனே. அவனிடமிருந்தும் அக்காவின் மனவருத்தத்திலிருந்தும் தப்புவதற்காக, தனக்கு வேறொருவன் மீது காதல் என்று லாரா ஜீன் காட்டிக்கொள்கிறாள். கடிதம் பெற்ற மற்றொருவனான பீட்டர் கவின்ஸ்கி, தன்னைப் பிரிந்த ஜெனிவீவுக்குப் பொறாமையூட்ட விரும்புகிறான். லாரா ஜீன், பீட்டர், ஜெனிவீவ் மூவரும் ஒரு காலத்தில் ஒரே நட்பு வட்டத்தில் இருந்தவர்கள். இருவருக்கும் பயன் இருப்பதால் லாரா ஜீனும் பீட்டரும் விதிகளை எழுதி வைத்துக்கொண்டு நடிக்கத் தொடங்குகின்றனர். நாளடைவில் நடிப்பு எது, உண்மை எது என்பது அவர்களுக்கே விளங்காமல் போகிறது.

போலிக் காதல் எனும் உத்தி

காதலர்களாக நடிப்பவர்கள் உண்மையிலேயே காதல் வயப்படுவது காதல் புனைவுகளில் பழகிப்போன கதையமைப்பாகும். வாசகர் முடிவை முன்கூட்டியே ஊகித்துவிடுவர். எனவே முடிவைக் காட்டிலும் நடிப்புக்கான காரணமே இத்தகைய கதைகளைத் தாங்கி நிற்கிறது.

இப்புதினத்தில் அக்காரணம் அச்சமாகும். லாரா ஜீனுக்குக் கடிதம் என்பது காதலைச் சொல்லும் வழியன்று; சொல்லாமல் முடித்துவைக்கும் வழி. மனத்தில் மட்டும் இருக்கும் காதலால் இழப்பு நேராது. தாயை இழந்து, அக்காவும் தொலைவுக்குச் சென்றுவிட்ட அவளுக்கு அதுவே பாதுகாப்பாகத் தோன்றுகிறது. பொய்க்காதலும் அத்தகையதே: உண்மையன்று என்பதால் அதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. அந்தத் துணிவில் இருவரும் தாயின் மறைவையும், தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றதையும் மனந்திறந்து பேசிக்கொள்கின்றனர்.

ஆயினும் நடிப்பின் விலை இருவருக்கும் சமமாக இல்லை. பள்ளிப் பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்குப் பின் இருவரையும் பற்றி எழும் வதந்தி பீட்டரின் மதிப்பைக் குறைப்பதில்லை. பழி பெண்ணின் மீதே விழுகிறது. லாரா ஜீன் மீண்டும் ஒரு கடிதம் எழுதத் தொடங்குவதுடன் புதினம் முடிகிறது.

திரைப்பட வடிவம்

நூல் வெளிவருவதற்கு முன்பே அதனைப் படமாக்கச் சிலர் முன்வந்தனர். கதைத்தலைவி ஆசிய அமெரிக்கராகவே இருக்க வேண்டும் என்று ஹான் வற்புறுத்தியதும் அவர்களது ஆர்வம் குன்றியது. இறுதியில் இந்நிபந்தனையை ஏற்ற ஒரே நிறுவனத்துடன் தாம் இணைந்ததாக அவர் 2018 இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். கொரிய உணவும் குடும்ப வழக்கங்களும் கதையில் இருப்பினும், லாரா ஜீனின் சிக்கல் அவளது இனம் பற்றியதன்று. அவள் காதலில் தடுமாறும் சாதாரணப் பெண். அத்தகைய பாத்திரத்தை வெள்ளையின நடிகைக்கு மாற்றிக் கொடுப்பது எளிது என்பதாலேயே ஹானின் நிபந்தனை முக்கியத்துவம் பெற்றது.

சூசன் ஜான்சன் இயக்கிய திரைப்படம் 2018 ஆகஸ்ட் 17 அன்று நெட்ஃபிளிக்சில் வெளியானது. வியட்நாமில் பிறந்து அமெரிக்கக் குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்ட லானா காண்டர் லாரா ஜீனாகவும், நோவா சென்டினியோ பீட்டராகவும் நடித்தனர். கதைக்களம் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகருக்கு மாற்றப்பட்டது. கடிதங்களைத் தங்கை கிட்டி அனுப்பியது புதினத்தில் கோபத்தால்; படத்திலோ அக்காவுக்கு உதவும் எண்ணத்தால்.

படம் பரவலான வரவேற்பைப் பெற்றது. அதேவேளை, கடிதம் பெற்ற ஐவருள் ஒருவர்கூட ஆசிய அமெரிக்கராக இல்லை என்ற விமர்சனமும் எழுந்தது. தொடர் படங்கள் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. கிட்டியை மையமாகக் கொண்டு சியோல் நகரில் நிகழும் எக்ஸ்ஓ, கிட்டி என்ற தொலைக்காட்சித் தொடரை ஹான் உருவாக்கினார். அது 2023 இல் தொடங்கியது.