செங்கல்லுக்குள் ஓர் உண்டியல்

குருந்தூர்மலையில் 2021இல் அகழ்வு தொடங்கியதிலிருந்து அங்குள்ள இடிபாடுகளின் வயது பற்றிய செய்திகளுக்குக் குறைவில்லை. முல்லைத்தீவில், நாயாற்றுக் களப்புக்கு மேற்கே, தண்ணிமுறிப்புப் பக்கத்துக் காட்டு மலை அது. இடிந்த செங்கல்லைப் பார்த்து நூற்றாண்டு சொல்ல முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். பார்த்துச் சொன்னால் நம்ப வேண்டாம். அளந்து சொல்ல வழியிருக்கிறது.

செங்கல் மண்ணில் குவார்ட்ஸ் மணிகள் கலந்திருக்கும். மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சு படப்பட, இலத்திரன்கள் இடம்பெயர்ந்து அந்த மணிகளின் படிகக் குறைகளில் சிக்கிக்கொள்கின்றன. அந்தக் குறைகளை உண்டியல் என்று வைத்துக்கொள்வோம். 500 பாகை செல்சியஸைத் தாண்டும் சூளை வெப்பம் உண்டியலை வழித்துத் துடைத்துவிடும். செங்கல் ஆறிய நாளிலிருந்து மறுபடி காசு விழத் தொடங்கும். ஆய்வுகூடத்தில் மணிகளைத் திரும்பச் சூடாக்கினால், சிக்கிய இலத்திரன்கள் விடுபட்டு மெல்லிய ஒளி பிறக்கும். ஒளியின் அளவே சேர்ந்த காசு. ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று கண்டு வகுத்தால் வயது வந்துவிடும். என்ன அழகான கணக்கு!

இந்த உண்டியலிலும் களவு உண்டு. வெயில் பட்டால் காசு கொட்டிவிடும். ஆகவே மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் செங்கல்லின் மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு உள்மணிகளையே எடுப்பார்கள். மாரியில் மண் ஊறினால் ஈரம் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கும், வரவு குறையும். நூற்றாண்டுகளாக இருந்த ஈரத்தை மதிப்பிடத்தான் முடியும். எனவே நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பிழை வழமை. 1500 ஆண்டுச் செங்கல்லில் அது 75 முதல் 150 ஆண்டு. பிழை எல்லை சொல்லாத வயதை நான் ஏற்பதில்லை.

இதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது. நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட நூலில் செங்கல் அளவுகளைக் கொண்டே இலங்கைக் கட்டடங்களின் காலத்தைக் கணிக்க முயன்றார். பழைய செங்கல்லைப் பெயர்த்துப் புதுச் சுவரில் வைப்பது எக்காலத்திலும் உண்டு என்பதால் அந்த வழியை ஓரளவே நம்பலாம்.

குருந்தூர்மலையில் 2021இல் வெளிப்பட்ட எண்பட்டைக் கல்லை இலிங்கம் என்றார்கள் ஒரு சாரார், தாதுகோபத்தின் பாகம் என்றார்கள் மறுசாரார். இலிங்கத்தின் நடுப்பகுதி எண்பட்டை. தாதுகோபத்துத் தூணான யூபக் கல்லும் எண்பட்டைதான். வடிவம் மட்டும் வழக்கைத் தீர்க்காது. சூளை காணாத கல்லில் இந்தச் சூளைக் கணக்கும் செல்லாது.

செங்கல்லுக்கு வரும் கதிர்வீச்சில் ஒரு பகுதி சுற்றிலும் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் மண்ணிலிருந்து வருகிறது. ஆனால் குருந்தூர்மலையின் உச்சியில் புதிய கட்டுமானம் நடந்தது. 2022இல் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. மண்ணை அள்ளிவிட்டுப் புதுச் செங்கல் அடுக்கிய இடத்தில் ஆண்டு வரவை எதை வைத்து அளப்பது? மாதிரிகளை முதலில் எடுக்க வேண்டும். கட்டுவதும் பூசுவதும் அதற்குப் பிறகு.